நாலு உள்ளங்கை அளவு ரப்பர்: புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

[திரையில்: கண்ணாடித் தளத்தின் மேல் ஒரு கார். கேமரா அடியிலிருந்து மேலே பார்க்கிறது.]

உங்கள் உள்ளங்கையை விரித்து மேஜை மேல் வையுங்கள். ஒரு டயர் சாலையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி கிளம்புவதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நாலு இடத்தை நம்பித்தான். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பிரேக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ரப்பர் பிடித்தால்தான் உண்டு.

புதிதாகக் கார் வாங்கியவர்கள் பானெட்டைத் திறக்கவே தயங்குவார்கள். பரவாயில்லை, அங்கே கடைசியில் போகலாம். முதலில் டயர் பக்கத்தில் குந்தி உட்காருங்கள்.

[திரையில்: டிரைவர் பக்கக் கதவு திறக்கிறது. தூணில் ஒட்டிய ஸ்டிக்கர்.]

காற்று எவ்வளவு வைப்பது? டயரின் பக்கச் சுவரில் ஓர் எண் அச்சாகியிருக்கும். பலர் அதைப் பார்த்துக் காற்று அடிக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு அல்ல. உங்களுக்கு வேண்டியது கதவைத் திறந்தால் தெரியும் தூணில், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில், ஒட்டியிருக்கும். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் வேறொன்று என்று பிரித்தே போட்டிருப்பார்கள்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வண்டி 3 மணி நேரமாவது நின்றிருப்பது நல்லது. ஓடி வந்த டயரில் காற்று சூடேறி அழுத்தம் சில பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடியிருக்கும். அதைப் பார்த்து "அதிகமாக இருக்கிறதே" என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் சோர்ந்து கிடக்கும். மாதம் ஒருமுறை, அப்புறம் நெடும்பயணத்துக்கு முன்பு ஒருமுறை பார்த்தால் போதும்.

காற்று அதிகமானால்தான் டயர் வெடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் காற்றுக் குறைவை யாரும் அவ்வளவு சந்தேகிப்பதில்லை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் சுடுமே, அதே கதைதான். வேகமாக, நெடுநேரம் ஓடும்போது சூடு ஏறி ஏறி, கடைசியில் சுவர் கிழிகிறது. அப்படி வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்ததும் ஓரம் கட்டலாம்.

[திரையில்: டயரின் குறுக்கே தடவிப் பார்க்கும் கை.]

அடுத்து, டயரைத் தடவிப் பாருங்கள். நான் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் பிழைத்திருந்தால் காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் போயிருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்க வேண்டும். உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழவழப்பாகவும், திருப்பி இழுத்தால் ரம்பப் பல் போலவும் தட்டினால், அதுவும் அலைன்மென்ட் கோளாறுதான். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பள்ளங்களுக்குள் அங்கங்கே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டை, மாற்றியாக வேண்டும். தேயாத டயருக்கும் வயதாகும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய கார் வாங்கும்போது மீட்டர் காட்டும் கிலோமீட்டரோடு இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் சுவாரசியமாக இருக்கும்.

அந்தப் பள்ளங்கள் அழகுக்கு வெட்டியவை அல்ல. மழையில் டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. வேகம் கூடி, பள்ளமும் ஆழம் குறைந்திருந்தால் தண்ணீருக்கு வெளியேற நேரம் கிடைக்காது. டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். கையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி கேட்காது. அப்போது திருப்பாதீர்கள், பிரேக்கும் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, டயர் மறுபடி சாலையைப் பிடிக்கும்வரை நேராகவே விடுங்கள்.

[திரையில்: வளைவை நோக்கிப் போகும் கார், மேலிருந்து.]

இப்போது ஓட்டுவதற்கு வருவோம். ஒரு கையால் ஒரே சமயத்தில் இவ்வளவு சுமைதான் பிடிக்க முடியும் என்று ஓர் அளவு உண்டு, டயரின் பிடியும் அப்படித்தான். அதைத் திருப்புவதற்குச் செலவிட்டால் நிறுத்துவதற்கு மிச்சமிருப்பது குறைவு. அதனால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பதறி மிதிப்பதுதான் வண்டி சறுக்குவதற்குப் பெரிய காரணம்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு 80இல் 36 மீட்டர் வேண்டும். இது கால் பிரேக்கைத் தொட்ட பிறகு கணக்கு. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள், 80இல் அதற்குள் வண்டி இன்னும் 22 மீட்டர் போயிருக்கும். செல்போனை இரண்டு நொடி பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

இடைவெளியை மீட்டரில் கணக்குப் போட யாராலும் ஆகாது. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டட்டும், நிதானமாக எண்ணுங்கள். அந்தக் கம்பத்துக்கு நீங்கள் வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். மழையென்றால் நாலு.

ஏபிஎஸ் உள்ள வண்டி ஓட்டினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் தடவை அது வேலை செய்தபோது காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். மறுபடி மிதித்து நின்றபோது முன்னால் இருந்த லாரியின் பின்பலகை என் பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அந்த அதிர்வுதான் ஏபிஎஸ். சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகுவது. ஆளில்லாத இடத்தில் ஒருமுறை பலமாக மிதித்துப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

[திரையில்: பானெட் திறக்கிறது.]

சரி, இனி பானெட். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்றே. எஞ்சின் ஆயில்: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறிக்கு மேலே ஊற்றுவதும் கெடுதல்தான். கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்): பக்கத்து டப்பாவில் வெளியிலிருந்தே மட்டம் தெரியும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிடும். பிரேக் ஆயில்: மட்டம் மெல்லக் குறைந்தால் பிரேக் பேட் தேய்கிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்புவதற்கு முன் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் நெடிய இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்துப் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுங்கள்.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை வடிவ விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். மஞ்சள் விளக்குகள் பெரும்பாலும் கொஞ்சம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

[திரையில்: டிக்கியின் தரைப் பலகை தூக்கப்படுகிறது.]

கடைசியாக ஸ்டெப்னி, அதாவது மாற்று டயர். முதல் பஞ்சரின்போது என் ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. மாதம் அளக்கும்போது அதையும் அளங்கள். மாற்றும் விதம்: கைப்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்குங்கள். தூக்கிய பிறகு இளக்கினால் ஜாக்கி சரியலாம். ஜாக்கியை அதற்கென்று காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள், வண்டிக்கு அடியில் கையையோ காலையோ நீட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டி, கையால் முறுக்கி, கீழே இறக்கிய பிறகு எதிரெதிராக நட்டுகளை இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் ஓரம் கட்டி, எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.