குட்டியின் அம்மாவைப் பார்த்தீர்களா?

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு எழுதப்படும் நாவல்களைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் ஒரு நாய்க்குட்டியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மாதிரி நாவல்களை நான் தேட ஆரம்பித்ததே ஒரு குட்டியால்தான்.

2018. எனக்கு 14 வயது. ‘பக்’ என்று ஒரு நாய் இருக்கிறதே, தட்டை முகம், உருண்டைக் கண், சுருண்ட வால், நெற்றி முழுக்க மடிப்பு. நம்மில் பலர் அதை முதன்முதலில் பார்த்தது ஒரு கைபேசி விளம்பரத்தில். பையன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடும். அப்பாவுக்கும் அந்த விளம்பரம் நன்றாக நினைவிருந்தது. நான் ஒரு வருடம் விடாமல் கேட்டேன். தீபாவளி போனஸ் வந்ததும் மேட்டுப்பாளையம் தாண்டிப் போய் ஒருவரிடம் வாங்கிவந்தார். அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, கோத்தகிரி பஸ்ஸில். பெட்டியைத் திறந்தால் குட்டி என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. "45 நாள் குட்டி" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குட்டி விற்கிற இடங்களில் வழக்கமாகக் காதில் விழும் கணக்கு அது.

அன்று ராத்திரி அது தூங்கவில்லை. என் ஸ்வெட்டர் கைக்குள் மூக்கை நுழைத்து எதையோ தேடிக்கொண்டே இருந்தது. மூச்சு விடும்போது கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தோம். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. கால்நடை டாக்டர் அதன் வாயைத் திறந்து, சுண்டுவிரலால் ஈறைத் தடவிப் பார்த்தார். "யாரும்மா 45 நாள்னு சொன்னது? பல்லே இப்பத்தான் முளைக்குது. 30 நாள் இருந்தா அதிகம்" என்றார். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, "இதோட அம்மாவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பாட்டிக்குத் தோன்றியிருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டி வளர்த்த நாய்கள் எல்லாம் சாதாரண நாட்டு நாய்கள். குட்டி போட்டால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பாட்டி லேசில் கொடுக்கமாட்டாள். "பால் மறக்கட்டும். பால் மறக்காத குட்டியைத் தூக்கினா அந்தத் தாய் வயிறு எரியும்" என்பாள். தாய் தானாகவே குட்டிகளைத் தள்ளிவிட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கொடுப்பாள்.

பாட்டியின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2017-ல் நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 8 வாரம் என்றால் 56 நாள். அப்படியானால் அந்த 45 நாள் பேச்சே தப்பு. தாய்க்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, 8 வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. இத்தனை எண்களைக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம். 56-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். குட்டி பிழைத்துக்கொண்டது. தடுப்பூசி அட்டை தருவதாகச் சொல்லித் தராமல் விட்டதால், அப்பா மறுபடி அங்கே போனார். நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கம்பி வலைக்குள் ஆறேழு நாய்கள். கடைசிக் கூண்டில் எங்கள் குட்டியின் அம்மா. முலைகள் தொங்கித் தரையைத் தொட்டன. நகங்கள் வளர்ந்து, வளைந்து, பாதத்துக்குள் திரும்பியிருந்தன. நடக்கிற நாய்க்கு நகம் தானே தேயும். அது நடந்தே பல நாள் ஆகியிருக்க வேண்டும். "இது ஏழாவது ஈத்து. நல்ல தாய்" என்றார் குட்டியை விற்றவர், உண்மையான பெருமையோடு. நான் வலைப்பக்கம் கை வைத்தேன். அதே ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தேன். அந்த நாய் எழுந்து வந்து கையின் நுனியை மோந்தது. அப்புறம் வலைக்கு வெளியே நாக்கை நீட்டி அந்த இடத்தை நக்க ஆரம்பித்தது. நாங்கள் கிளம்பும்வரை நிறுத்தவில்லை.

வரும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கேட்டது நான். வாங்கிக் கொடுத்தது அப்பா, என் மேல் இருந்த பிரியத்தால். விற்றவருக்கும் ஒரு மகள் இருந்தாள், என் வயதுதான், திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடப் பணம் அந்தக் கொட்டகையிலிருந்துதான் போகிறது. இதையெல்லாம் 14 வயதில் யாரிடம் போய்ச் சொல்வது?

நூலகத்துக்குப் போனேன். இதைப் பற்றி ஒரு கதை இருக்குமா என்று தேடினேன். குழந்தைகளுக்கான அலமாரியில் நாய் பேசும், சிரிக்கும். பெரியவர்களுக்கான அலமாரியில் நாய் பின்னணியில் குரைக்கும். நடுவில் எனக்கென்று ஒன்றும் இல்லை. பிறகு ஆங்கிலத்தில் பதின்பருவத்தினருக்கென்றே எழுதிய நாவல்களைப் படிக்கத் தொடங்கினேன். அங்கே வீட்டுச் சண்டை, பணக் கஷ்டம், சாவு எல்லாம் ஒளிக்காமல் வருகின்றன. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் நாய் முதல் அத்தியாயத்தில் பரிசாக வரும், அல்லது மழையில் நனைந்தபடி வாசலில் நிற்கும். கடைசியில் யாரையாவது காப்பாற்றிச் செத்துப்போகும். பையன் அழுவான், பெரியவனாகிவிடுவான். அந்தக் குட்டி எங்கே பிறந்தது, அதன் அம்மா இப்போது என்ன செய்கிறாள் என்று யாருமே கேட்பதில்லை.

இதை நான் மறுபடி மறுபடி சொல்கிறேன், வகுப்பிலும் சொல்கிறேன். வீட்டில் நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்பவர் பெரும்பாலும் 12, 15 வயதுப் பிள்ளைதான். பணம் அப்பாவுடையது, ஆசை பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை கையில் ஒரு நல்ல நாவல் போய்ச் சேர்ந்தால், குட்டி வாங்கப் போகிற வீட்டில் ஒரு கேள்வி எழும். சட்டம் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர நாளாகும். கதை ஒரு ராத்திரியில் வந்துவிடும்.

நமக்கு எழுத ஆளில்லாமல் இல்லை. சாகித்ய அகாதெமி 2010-லிருந்து குழந்தை இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் தருகிறது. அடுத்த ஆண்டிலிருந்து யுவ புரஸ்கார். ஆனால் யுவ புரஸ்கார் எழுதுபவரின் வயதைப் பார்க்கிறது, 35-க்குள் இருக்க வேண்டும். வாசிப்பவரின் வயது அதில் கணக்கில்லை. பதினைந்து வயதுக்காரரை மனதில் வைத்துத் தமிழில் எழுதுபவர்கள் இன்னும் நிறைய வேண்டும்.

அப்படி ஒரு நாவல் வந்தால், தயவுசெய்து விற்றவரை வில்லனாக்க வேண்டாம். வில்லன் வந்துவிட்டால் வாசிக்கும் பிள்ளை அவரைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும். திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிய அந்தப் பெண் பேசட்டும். காலையில் கூண்டு கழுவுவது அவள்தானே. ஏழாவது ஈத்தின்போது அந்த நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவளாகத்தான் இருக்கும்.

அந்தக் கர்ர் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். முகம் அழகாகத் தெரியட்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கியதில் மூக்குத் துளை குறுகிப்போனது. உள்ளே இருக்கும் சதை மட்டும் குறையவில்லை. அது தொண்டையை அடைக்கிறது, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. இப்படி உருவத்தை நிலைநிறுத்தத் தாயையும் மகனையும், ஒரே வயிற்றுக் குட்டிகளையும் சேர்ப்பதும் உண்டு. அப்படிப் பிறக்கும் குட்டிகளைப் பதியமாட்டோம் என்று, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அறிவித்ததே 2009-ல்தான். எங்கள் நாய்க்கு இப்போதும் படியேறினால் மூச்சு வாங்குகிறது. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடித்தான் கற்றுக்கொள்ளும். சீக்கிரமே பிரித்துவிட்டதால் இதற்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. விளையாட்டுக்குக் கடித்தாலும் ரத்தம் வந்துவிடும்.

வளர்ப்பவர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவே மாட்டேன். மே மாதம் கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடக்குமே, அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். வாங்க வருபவர் வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் குட்டியைக் கொடுப்பாராம். "வேலி எப்படி இருக்கு, ராத்திரி எங்க கட்டுவீங்கன்னு கேட்பேன். சிறுத்தை வர்ற ஊர் இது" என்றார். தாயின் பெயர், அதன் தாயின் பெயர், எந்த வருடம் எத்தனை குட்டி என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். நம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் தலையே வந்திருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வருகிறது. நம் ஊர் நாய் என்பதாலேயே கேள்வி கேட்காமல் வாங்கிவிடக் கூடாது. குட்டிக்குப் பின்னாலிருந்து கை தட்டுங்கள், திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு அதன் அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள். கோம்பையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.