தகரக் கொட்டகை வௌவால்

(கோவில்பட்டியில் சிறுதொழில் செய்யும் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. கைதட்டலையும் இருமலையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்து காலை ஒன்பதரையிலிருந்து பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அதிகாரி அம்மா அவர்களே, மண்டபம் கொடுத்த தாளாளர் ஐயா அவர்களே! ஐயாவுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். போன வருஷம் வாடகை வாங்கினார், இந்த வருஷம் வாங்கவில்லை. பந்தியில் கேசரி பொறுப்பை ஏற்றிருக்கும் மகளிர் குழுத் தலைவி அக்காவை விட்டுவிட்டால் எனக்குக் கேசரி வராது. அக்காவுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நெருக்கடியில் குடும்பத் தொழில். நான் எடுத்துக்கொண்டது ரம் காய்ச்சிய பக்கார்டி குடும்பத்தின் கதை. முன்வரிசை அத்தைமார் முகம் சுருங்குவது தெரிகிறது. நான் குடிக்கிறவன் கிடையாது, குடிக்கச் சொல்லவும் வரவில்லை. சரக்கை விட்டுவிடுங்கள், குடும்பத்தைப் பாருங்கள். மூன்று விஷயம் சொல்வேன்: ஒன்று ஈஸ்ட், இரண்டு மருமகன்கள், மூன்று பெயர்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் பழமொழி. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று அதற்குப் பொருள் சொல்லி நாம் பாயை விரித்துப் படுத்துவிடுகிறோம். எனக்கு அந்தப் பொருளில் உடன்பாடு இல்லை. வைத்தவன் நீதானே? குடத்தை எடு!

ஃபகுண்டோ பக்கார்டி ஸ்பெயினில் சிட்ஜஸ் என்ற கடலோர ஊர்க்காரர். பிழைக்கப் போன இடம் கியூபாத் தீவில் சாண்டியாகோ. மளிகைக்கடை மாதிரி ஒரு கடை வைத்தார். 1852இல் நிலநடுக்கம், அதன் பின்னாலேயே காலரா. பிள்ளைகளில் இரண்டைப் பறிகொடுத்தார். 1855இல் கடையும் திவால். அந்த மனுஷன்தான் 1862 பிப்ரவரி 4ஆம் தேதி, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வடிசாலையைத் தம்பியோடு சேர்ந்து வாங்குகிறார்.

அந்தக் காலத்து ரம் தொண்டையை அறுக்கும். சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸ் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவார்கள், அவ்வளவுதான். இவர் புளிக்கவைக்கிற ஈஸ்டில் ஒரு வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், வடித்ததைக் கரியில் வடிகட்டினார், ஓக் பீப்பாயில் ஊறப்போட்டார். ஈஸ்ட் பற்றிப் பிறகு வருகிறேன்.

கொட்டகை விட்டத்தில் வௌவால் கூட்டம். நாமாக இருந்தால் பட்டாசு வெடித்து விரட்டியிருப்போம். அவர் மனைவி அமாலியா அம்மாள், இதையே அடையாளமாகப் போடுங்கள் என்றார். எழுத்துத் தெரியாதவன்கூடக் கடைக்குப் போய் "வௌவால் ரம் கொடு" என்று கேட்டு வாங்கினான். ஒரு வீட்டம்மா சொன்ன யோசனை, இன்றுவரை பாட்டிலில் ஒட்டியிருக்கிறது. வடிசாலை வாசலில் மகன் ஒரு தென்னங்கன்று வைத்தான். வயது 14. இந்தத் தென்னை நிற்கிறவரை இங்கே தொழில் நிற்கும் என்று ஊரில் பேச்சாயிற்று. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றினான், அதுவும் தினமும்.

மூத்த மகன் எமிலியோ கியூபா விடுதலைக்காக ஸ்பெயின்காரனிடம் சிறைப்பட்டு, மொரோக்கோ கரையோரத் தீவு ஒன்றில் கிடந்து, பின்னால் சாண்டியாகோவுக்கே மேயரானார். ஊரில் அருங்காட்சியகம் கட்டினார், எகிப்துக்குப் போய் அதற்கு ஒரு மம்மி வாங்கி வந்தார். அது தனிக்கூட்டத்துக்கான கதை.

இப்போது 1920. அமெரிக்காவில் மதுவிலக்கு. பக்கார்டிக்கு அங்கே பாட்டிலில் அடைத்து விற்கிற ஒரு கம்பெனி. கிட்டங்கி நிறைய சரக்கு. விற்றால் ஜெயில், வைத்திருந்தால் நஷ்டம். நம்ம ஆட்களாக இருந்தால் என்ன செய்வோம்? சங்கத்தைக் கூட்டுவோம், தீர்மானம் போடுவோம், கலெக்டருக்கு மனுக் கொடுப்போம், போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் கொடுப்போம். (தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.) அவர்கள் என்ன செய்தார்களாம்? கம்பெனியில் 60,000 பங்கு வெளியிட்டார்கள். வாங்கினவன் பங்குதாரர். பிறகு, "ஐயா, தொழில் நடத்த முடியவில்லை, கம்பெனியைக் கலைக்கிறோம்" என்றார்கள். கலைத்தால் சொத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துத்தானே கொடுக்க வேண்டும்? சொத்து எது? கிட்டங்கியில் இருக்கிற பெட்டி! பங்குக்கு ஒரு பெட்டி! நினைத்துப் பாருங்கள், கோட்டுப் போட்ட கனவான்கள் பங்குப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் மனைவி கேட்டிருப்பார், "என்ன, பங்குச் சந்தையில் லாபமா?" "லாபம்தான், தூக்கத்தான் ஆள் வேண்டும்." இந்த மனைவி வசனம் மட்டும் என் சொந்தச் சரக்கு. மற்றது அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

1931இல் மெக்சிகோவில் ஆலை, 1936இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஆலை. இதையெல்லாம் தள்ளிக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர்கள் மருமகன்கள். ஃபகுண்டோவின் மருமகன் என்ரிக்கே, என்ரிக்கேயின் மருமகன் பெப்பின் போஷ். மருமகன்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். என் மாமனாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அதனால் மேலே போகிறேன்.

1960 அக்டோபர் 14. கியூபா அரசு ஆலை, பீப்பாய், கட்டடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தென்னையும் அந்தக் காலத்தையொட்டித்தான் பட்டுப்போனது என்பார்கள். ஆனால் போஷ் அதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தார். பெயரும் வௌவால் முத்திரையும் எந்தெந்த நாட்டில் பதிவோ, அந்த உரிமையைக் கியூபாவுக்கு வெளியே, பஹாமாஸில் இருந்த கம்பெனிக்கு மாற்றிவைத்திருந்தார். ஆலையைப் பிடித்தவன் கையில் தகரமும் தாமிரமும்தான் மிச்சம். அதே பெயரில் வெளிநாட்டில் விற்கப் பார்த்தபோது கோர்ட்டுகள் குடும்பத்தின் பக்கம் நின்றன. 1965இல் பெர்முடாவில் தலைமையகம். இன்றும் அது குடும்பக் கம்பெனிதான்.

கூடவே இன்னொரு குடும்பம், அரெச்சபாலா. அதே கியூபா, கார்தெனாஸ் ஊரில் 1878இல் தொடங்கிய தொழில். 1934இல் 'ஹவானா கிளப்' என்று ஒரு ரம் கொண்டுவந்தார்கள். 1960இல் அவர்கள் ஆலையும் போனது. நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். சோற்றுக்கே திண்டாட்டம், பதிவை யார் நினைப்பது? 1973இல் அமெரிக்காவில் அவர்களுடைய பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 1976இல் கியூபா அரசு நிறுவனம் அதே பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டது. 1993இல் பிரான்சின் பெர்னோ ரிக்கார் என்ற மதுக் கம்பெனி அதோடு கூட்டுச் சேர்ந்து, அமெரிக்காவைத் தவிர உலகமெல்லாம் விற்கிறது. அந்தக் குடும்பம் தன் உரிமையைக் கடைசியில் பக்கார்டியிடமே விற்றது. அமெரிக்காவில் பல வருஷம் வழக்கு. ஒரே புயல், ஒரே தீவு. மரம் வைத்தவர்கள்தான் இவர்களும். ஒரு வருஷம் குடத்தைத் தூக்கவில்லை.

இதை ஏன் கடலைமிட்டாய் ஊரில் சொல்கிறேன்? என் தாத்தா கோலி சோடா போட்டார். கிணறு உப்பாகிப்போனதும் சாத்தூரிலிருந்து மெஷினை மாட்டுவண்டியில் ஏற்றி இங்கே வந்தார். பாட்டிலில் மயில் முத்திரை. கொஞ்ச நாளில் அந்த மயில் பக்கத்து ஊரில் வேறொருவர் பாட்டிலில் ஆடியது. தாத்தா வக்கீலிடம் போனார். "பதிவு இருக்கா?" என்று கேட்டார் வக்கீல். "ஊருக்கே தெரியுமே" என்றார் தாத்தா. வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டார். அந்தப் பாட்டிலில் ஒன்று இன்னும் என் மேஜையில் இருக்கிறது. கோலியை உருட்டினால் சத்தம் வரும், சோடாதான் வராது.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேளம் அடித்தோம், நானும் ஆடினேன். அது ஊர்ப் பெயருக்குக் காவல். உங்கள் அப்பா பெயருக்கு, உங்கள் பாக்கெட்டில் இருக்கிற கிளிக்கும் அன்னத்துக்கும் யார் காவல்? இங்கே கை தூக்குங்கள், வணிக முத்திரை பதிந்தவர்கள் எத்தனை பேர்? நான்கு. நான்காவது கை, மின்விசிறியைக் குறைக்கச் சொன்ன கை. அப்படியானால் மூன்று!

தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் முத்திரை பதிய, ஆன்லைனில் ஒரு பொருள் வகைக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பத்து வருஷம் செல்லும். பத்து வருஷத்துக்கு ஒரு குடம் தண்ணீர், அதற்குமேல் என்ன கேட்கிறது மரம்? அதிகாரி அம்மா அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு விண்ணப்பம்: மாதம் ஒரு நாள் இந்த ஊரில் பதிவு முகாம் போடுங்கள். மண்டபத்துக்குத் தாளாளர் ஐயா இருக்கிறார். ஐயா தலையாட்டிவிட்டார், குறித்துக்கொள்ளுங்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ஈஸ்ட் பற்றிச் சொல்கிறேன் என்றேன், அது அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் நீலத் துணி போட்ட மேஜையில் ஒரு தம்பி லேப்டாப்போடு இருக்கிறார். ஆதார், லேபிள் படம், எந்த வருஷத்திலிருந்து அந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்பதற்கு ஒரு பழைய பில். பில் இல்லாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போன் போட்டுப் பரணில் தேடச் சொல்லுங்கள். பந்தி ஒன்றரைக்குத்தான், அக்கா இன்னும் கேசரிக்கு முந்திரியே வறுக்கவில்லை. வணக்கம்.