வழுக்கைக்கு மருந்து வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

[காட்சி: குன்னூர் பேருந்து நிலையம், காலைப் பனி. கம்பளிக் குல்லா போட்ட தலைகள்.]

வணக்கம். குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தம்பிகள் முடியைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கேள்வி கேட்பார்கள். "அண்ணா, குல்லா போட்டுப் போட்டே முடி கொட்டிடுச்சா?" "இந்த ஊர்த் தண்ணி சேரலையா?" அப்புறம், கொஞ்சம் தயங்கி, "எதெதுக்கோ மருந்து கண்டுபிடிக்கிறாங்க, இதுக்கு ஏன் இன்னும் வரல?"

குல்லா காரணமில்லை. மயிர்க்காலுக்கு வேண்டியதை ரத்தம் கொண்டுவந்து தருகிறது. தலையை மூடினால் அது மூச்சுத் திணறிப் போய்விடாது.

தண்ணீர் கதை வேறு மாதிரி. திருப்பூரில் டைபாய்டு வந்து படுத்து எழுந்த ஒருவர், வேலை கிடைத்து ஊட்டிக்கு வருகிறார். இரண்டு மூன்று மாதத்தில் சீப்பு நிறைய முடி. பழி ஊட்டித் தண்ணீர் மேல் விழுகிறது. உண்மையில் கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்ற அதிர்ச்சிகளில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த ஓய்வு முடியும்போதுதான் முடி உதிரும். காரணம் விலகிவிட்டால் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மறுபடி தளிர்ப்பதைப் போலத்தான் இது.

பரம்பரை வழுக்கை அப்படியல்ல.

[காட்சி: வெள்ளைத் தாள். அதன் மேல் இரண்டு முடிகள், மிக அருகில்.]

உச்சந்தலையிலிருந்து உதிர்ந்த முடி ஒன்று, பிடரிப் பக்கத்து முடி ஒன்று. இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கை தொடங்கியவருக்கு உச்சி முடி மெலிந்து, குட்டையாக, நிறம் வெளிறி இருக்கும். டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் இதற்கு முக்கியக் காரணம். பரம்பரையாக அதற்கு வசப்படும் மயிர்க்கால், முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் பூனைமுடியைத்தான் தரும். பிடரியில் இருக்கும் மயிர்க்கால்கள் அதற்கு அவ்வளவாக அசையாது. 1959ல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர், பிடரி முடியை முன்தலையில் நட்டாலும் அது பிடரி முடியாகவே நடந்துகொள்கிறது என்று காட்டினார். இன்றைய முடி மாற்று சிகிச்சை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் தொடர்பு உண்டென்று 1942லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். ஆனால் ஹார்மோனையே நிறுத்துவது வைத்தியம் ஆகாதே. 1974ல் டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்துக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. அதனால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் சரியாக உருவாகவில்லை. அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, நெற்றியும் ஏறவில்லை. இந்தத் தடயத்தைப் பிடித்துப் போய்த்தான் ஃபினாஸ்டெரைடு மாத்திரை வந்தது. அமெரிக்காவில் 1992ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு, 1997ல் வழுக்கைக்கு அனுமதி. துப்புக் கிடைத்ததிலிருந்து தலைக்கு வந்து சேர 23 வருடம்!

இன்னொரு மருந்தான மினாக்ஸிடில், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988, பெண்களுக்கு 1991. இது மயிர்க்காலில் எப்படி வேலை செய்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

சரி, இவை எவ்வளவு தரும்? ஃபினாஸ்டெரைடின் பெரிய சோதனையில் 1,553 ஆண்கள். உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் குறித்து, அதற்குள் இருக்கும் முடியை எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876. ஒரு வருடம் கழித்து, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் 107 முடி கூடுதல். இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் 138. நல்ல பலன்தான். ஆனால் கல்லூரி நாட்களின் தலை திரும்பி வராது. மருந்தை நிறுத்தினால் சேர்ந்ததும் சில மாதங்களில் போய்விடும்.

தாமதத்துக்கு ஒரு காரணம் இந்த எண்ணும் வேலையிலேயே இருக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எந்த மருந்தானாலும் ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்தால்தான் பலன் தெரியும். எலியை வைத்துச் சீக்கிரம் பார்த்துவிடலாம் என்றால், எலிக்கு முடி அலை அலையாகச் சேர்ந்து வளரும். நமக்கு ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் கணக்கில் ஓடுகிறது. எலியில் ஜெயித்தது மனிதத் தலையில் தோற்பது சகஜம். ப்ரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் வழுக்கை இடத்தில் கூடுதலாக இருக்கிறது என்று 2012ல் தெரிந்தபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைத் தடுக்கும் மாத்திரை மனிதர்களிடம் பலன் தரவில்லை.

புது மயிர்க்காலையே உருவாக்கும் முயற்சி இதைவிடக் கடினம். முடி வேரின் அடியில் இருக்கும் ஒரு சிறு செல் கொத்துதான் 'முளை' என்று கட்டளை கொடுக்கிறது. எலியில் அந்தச் செல்களை வளர்த்து நட்டு முடி வரவைக்கலாம் என்று 1984ல் காலின் ஜஹோடா என்ற விஞ்ஞானி காட்டினார். மனிதச் செல்களோ ஆய்வகத் தட்டில் பெருக்கியதும் அந்தத் திறனை இழந்துவிட்டன. 2013ல் அவரும் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழுவும் அவற்றைத் தட்டையாகப் பரப்பாமல், துளியில் தொங்கவிட்டு உருண்டையாக வளர்த்தார்கள். இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பியது. ஒரே உத்திக்கு ஏறக்குறைய முப்பது வருடம். இவ்வளவையும் பார்த்த பிறகு, கம்பெனிகள் மருந்தை ஒளித்து வைத்திருக்கின்றன என்ற பேச்சை என்னால் நம்ப முடியவில்லை. கையில் இருந்தால் விற்காமல் விடுவார்களா?

புழுவெட்டில் நிலைமை நம்பிக்கை தருகிறது. அங்கே உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது, மயிர்க்கால் சாவதில்லை. முடக்குவாதத்துக்கு வந்த பாரிசிட்டினிப், 2022ல் தீவிரமான புழுவெட்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

[காட்சி: ஊட்டி கடைத்தெரு. வரிசையாகத் தைலக் குப்பிகள்.]

நீலகிரித் தைலம் சளிக்கு நல்லது. வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்று எந்தக் குப்பியில் எழுதியிருந்தாலும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஃபினாஸ்டெரைடைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிலருக்குத் தாம்பத்தியத்தில் தொந்தரவு வரும், மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மினாக்ஸிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். உதிர்ந்த இடம் சிவந்து, எரிந்து, தோல் வழவழப்பாகிக்கொண்டே போனால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது தழும்பாகும் வகையாக இருக்கலாம், அதில் செத்த மயிர்க்கால் திரும்பி வராது.