ஃபிராங்க் வொரெல் கேப்டன் ஆனது உழைப்பால் மட்டும்தானா?

அடுத்த கேள்வி, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியிடமிருந்து. "வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு முழுத் தொடருக்கும் கேப்டனான முதல் கறுப்பினத்தவர் ஃபிராங்க் வொரெல் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். கடுமையாக உழைத்தால் நிறத்தடை உடையும் என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்லலாமா?"

உழைத்தார் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உழைப்பைப் பார்த்து யாரும் தானாக வந்து பதவி கொடுக்கவில்லை.

வெஸ்ட் இண்டீஸ் 1928-ல் டெஸ்ட் ஆட வந்தது. ரன்னும் விக்கெட்டும் பெரும்பாலும் கறுப்பின வீரர்கள் எடுப்பது. டாஸ் போடப் போவது மட்டும் வெள்ளைக்காரர். நடுவில் 1948-ல் கறுப்பின வீரர் ஜார்ஜ் ஹெட்லிக்கு பார்படாஸில் ஒரே ஒரு டெஸ்டுக்குக் கேப்டன் பதவி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வொரெல் 1950-ல் நாட்டிங்காமில் 261 அடித்தவர். அதே ஆண்டுக் கடைசியில் காமன்வெல்த் அணியோடு இந்தியா வந்தார். கேப்டன் லெஸ் ஏம்ஸால் ஆட முடியாமல் போனபோது அணியை நடத்தியது வொரெல்தான். அவர் கைகாட்டிய இடத்தில் வெள்ளைக்கார வீரர்கள் போய் நின்றார்கள். சொந்த நாட்டு வாரியத்துக்கு மட்டும் அது உறைக்கவில்லை. 1957-லும் இன்னொருவர் தலைமையில்தான் இங்கிலாந்து போனார். லங்காஷயரில் கிளப் கிரிக்கெட் ஆடிக்கொண்டே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்னதான் உழைப்பது? வாய்ப்பு கிடைக்காத பிள்ளையிடம் "உன் உழைப்பு போதவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பூட்டை அசைத்தது வெளியிலிருந்து வந்த நெருக்கடி. டிரினிடாடில் பத்திரிகை ஆசிரியராக இருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1960-ல் வொரெலைக் கேப்டனாக்கு என்று விடாமல் எழுதினார். வெஸ்ட் இண்டீஸ் தீவுகள் பிரிட்டனிடம் சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வாரியம் இறங்கி வந்தது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் கேப்டன்.

அப்புறம்தான் அவருடைய இன்னொரு உழைப்பு தெரிகிறது. பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், கடைசி ஓவர். அப்போது ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு 8 பந்து. ஆஸ்திரேலியாவுக்கு 6 ரன் வேண்டும், கையில் 3 விக்கெட். பந்து போடுகிற வெஸ் ஹால் தானே ஓடிப்போய் ஒரு கேட்சைத் தவறவிடுகிறார். வேறு கேப்டனாக இருந்தால் கத்தியிருப்பார். வொரெல் பதறவில்லை. கடைசியில், நோ-பால் போட்டால் சொந்த ஊரான பார்படாஸ் பக்கம் தலைகாட்ட முடியாது என்று மட்டும் ஹாலிடம் சொன்னாராம். இது ஹால் பின்னாளில் சொன்னது. ஏழாவது பந்தில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்து ஸ்டம்பைச் சாய்த்தார். இரு அணிக்கும் ரன் சமம். டெஸ்ட் வரலாற்றின் முதல் டை.

தொடரை 2-1 என்று தோற்றார்கள். ஆனாலும் மெல்போர்ன் மக்கள் தெருவில் திரண்டு வழியனுப்பினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஜெர்ரி அலெக்ஸாண்டர். முந்தைய கேப்டன், வெள்ளைக்காரர். பதவி போன பிறகு வொரெலின் கீழ் விக்கெட் கீப்பராக ஆடி, சிட்னியில் சதம் அடித்து, அந்தத் தொடரில் அணியின் பேட்டிங் சராசரியில் முதலிடத்தில் நின்றார். முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

1963-ல் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 3-1 என்று ஜெயித்துவிட்டுத்தான் வொரெல் விலகினார். 1965-ல் அந்த இடத்துக்கு இன்னொரு கறுப்பின வீரர் கேரி சோபர்ஸ் வந்தார். அதற்காக யாரும் பத்திரிகையில் போராட வேண்டியிருக்கவில்லை.