இரண்டு கரிநெருப்பும் நான் அம்மாவிடம் கத்திய இரவும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீடியோ கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை மாடிக்கு எடுத்து வர மறந்துவிட்டேன், கைப்பிடிச் சுவரில்தான் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக ஏன் வீடியோ போடவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது பக்கம் வராது, பேச்சு குழறும். பகலில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார், இரவு என் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டரை மணி இருக்கும், மூன்றாவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கிறேன், அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். கத்திவிட்டேன். சும்மா அதட்டல் இல்லை, பக்கத்து வீட்டில் லைட் போட்டுப் பார்க்கிற அளவுக்கு. என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்லமாட்டேன். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். காலையில் நான் குளித்து, சேலை கட்டி, ஆலயத்துக்குப் போய், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு “அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது” என்ற வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தேன். வாய் கூசியது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நம் சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே இறந்தகாலம். நான் கோபக்காரியாக இருந்தேன், கர்த்தர் மாற்றினார். குடித்துக்கொண்டிருந்தேன், விடுவித்தார். எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். ஆனால் ஒருவர் எழுந்து “போன வியாழக்கிழமை நான்...” என்று ஆரம்பித்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியாது, சீக்கிரம் ஒரு பாட்டைப் பாடி அவரை உட்காரவைத்துவிடுவோம். நானும் அப்படிப் பாட்டு எடுத்துக் கொடுத்தவள்தான்.

சரி, அந்த வாரம் நான் யோவான் 21-ஆம் அதிகாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்த கதை. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படவில்லை, விடியற்காலையில் இயேசு கரையில் நிற்கிறார், அவருடைய சீஷன் பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். கரைக்கு வந்தால் அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். இந்தக் “கரிநெருப்பு” என்ற வார்த்தையைத்தான் நான் இத்தனை வருடமும் தாண்டிப் போயிருக்கிறேன். மூன்று அதிகாரம் முன்னால் போய் 18:18-ஐப் பாருங்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம், குளிர், ஊழியக்காரர் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள், வாசலில் ஒரு வேலைக்காரப் பெண் நீயும் அவருடைய சீஷனா என்று கேட்டதில் தொடங்கி மூன்று தடவை அவரை மறுதலிக்கிற பேதுரு, அவர்களோடு நின்றுகொண்டுதான் “நான் அவனல்ல” என்கிறான். கரிநெருப்புக்கு அங்கே உள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி வேதத்தில் எழுதியில்லை, என் ஊகம்தான். எனக்கு இப்போதும் பினாயில் வாசம் வந்தால் அந்த ராத்திரி ஞாபகம் வருகிறது, அதனால் சொல்கிறேன்.

அப்படியானால் அவனைக் குத்திக்காட்டவா அந்த நெருப்பு? அவர் முதலில் கேள்வி கேட்கவில்லை, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்றார். அவரே அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சே.

அந்தப் பேச்சுக்கு உங்கள் கையில் இருக்கிற பழைய தமிழ் வேதாகமத்தையே எடுங்கள், 1871-இல் வந்த பவர் ஐயர் திருப்புதல், நாம் சபையில் வாசிக்கிறோமே அதுதான். இயேசு கேட்பது “இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?” பேதுருவின் பதில் “உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்.” அவர் அன்பு என்கிறார், இவன் நேசம் என்கிறான். இரண்டாம் தடவையும் அதே அன்பு, அதே நேசம். மூன்றாம் தடவை அவரே வார்த்தையை மாற்றி “நீ என்னை நேசிக்கிறாயா” என்று கேட்கிறார். கிரேக்கத்திலும் இரண்டு வேறு சொற்கள், அகபாவோ, ஃபிலேயோ. பல ஆங்கில வேதாகமங்களில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் அதில் வாசிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது, நம் பழைய தமிழில் பட்டென்று தெரிகிறது. உடனே இதை வைத்து ஒரு பிரசங்கமே கட்டிவிடாதீர்கள். யோவான் வேறு இடங்களில் இந்த இரண்டு சொல்லையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாகவும் எழுதுகிறார், அதனால் இதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்கிற வேத அறிஞர்கள் உண்டு. எனக்கோ அந்த வித்தியாசத்தைவிட பேதுரு பதில் சொல்லாமல் விட்டதுதான் பெரிதாகப் படுகிறது. “இவர்களிலும் அதிகமாய்” என்று கேட்டாரே, அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. முன்பு “எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன்” என்று மார்தட்டிய அதே ஆள்! இப்போது “நீர் அறிவீர்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அந்தச் சின்னப் பதிலை வாங்கிக்கொண்டு “போதாது” என்று சொல்லாமல், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று வேலையைக் கொடுத்துவிடுகிறார் ஆண்டவர்.

இப்போது ஒரு கமெண்ட் வரும், எனக்குத் தெரியும். “அக்கா, அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுப் பலவீனம் என்று சொல்லிக்கொள்ளலாமா?” இல்லை தம்பி. மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. வலிக்கிற இடத்தை அவர் தொடாமல் விடவில்லை. ஆனால் முதலில் மீன் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தொட்டார்.

பழைய ஏற்பாட்டில் எலியா தீர்க்கதரிசிக்கும் இதேதான் நடந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கியதைப் பார்த்த மனிதர், ராணி யேசபேலின் கொலை மிரட்டலைக் கேட்டு ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். தூதன் வந்து விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேபுக்குப் போகிற நாற்பது நாள் நடையும், “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வியும், அந்த அமர்ந்த மெல்லிய சத்தமும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாகலாம்போல இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், முதலில் வீட்டில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் போடுங்கள். அது அவிசுவாசம் இல்லை. அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள், 1 இராஜாக்கள் 19.

இன்னொன்று, இது எனக்கே கொஞ்சம் கசப்பாக இருந்தது. பேதுரு அந்தக் கரையோடு திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறோம்? பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கம் பண்ணினான், ஏரோது கொல்லப்போகிற நாளுக்கு முந்தின ராத்திரி இரண்டு சேவகர் நடுவே சங்கிலியோடு நிம்மதியாகத் தூங்கினான். அப்பேர்ப்பட்டவன் பிற்பாடு அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும், அதுவரை புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பயந்து விலகிப்போகிறான். பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்கிறார். கலாத்தியர் 2. யோசித்துப் பாருங்கள், வேலைக்காரப் பெண் கேட்டபோது வந்த அதே பயம்தான், “மனுஷர் என்ன சொல்வார்கள்.” வளர்ந்த பிறகும் அது அவன் கூடவே வந்திருக்கிறது. அவன் விழுவதற்கு முன்பே ஆண்டவர் அவனிடம் சொன்னது, நீ விழாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அல்ல, “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு” வேண்டிக்கொண்டேன் என்று. லூக்கா 22:32. எத்தனை தடவை அடிக்கோடு போட்டிருப்பேன், இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் படவே இல்லை.

அதனால் நிகழ்காலத்திலேயே சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் அம்மாவிடம் கத்தினேன். முன்னளவுக்கு இல்லை, ஆனாலும் கத்தினேன். இந்தத் தடவை விடியும்வரை காத்திருக்கவில்லை, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை வாயில் கூடிவர ரொம்ப நேரமாகும், தெரியும்தானே. ஏதோ சொல்ல முயற்சி செய்துகொண்டே இருந்தாள், என்னைத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். “சாப்டியா?” என்றாள்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. மணி பதினொன்று.

சரி, வெளிச்சம் போய்விட்டது, என் முகமே தெரியாது. வீட்டில் படுக்கையில் இருப்பவர்களை ராத்திரியில் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இதைப் பார்க்கிறீர்கள்? பேரெல்லாம் வேண்டாம், எந்த ஊர் என்று மட்டும் கீழே எழுதுங்கள், ராத்திரி முழித்திருக்கும்போது வாசித்து ஜெபிக்கிறேன்.