குதிரையிலிருந்து அவள் விழவில்லை

நேயர்களுக்கு வணக்கம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் 'காலமானார்' பகுதிக்குப் போகிற ஆள் நம் வீடுகளில் ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான். சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம். திட்டு வாங்கியும் விடவில்லை.

அமெரிக்காவின் சின்ன ஊர்களிலும் இதே கதைதான். கான்சாஸ் மாதிரி கோதுமை விளைகிற மாநிலங்களில் ஊருக்கு ஊர் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து சேதி எழுதி அனுப்ப ஆட்கள் உண்டு. பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். அச்சில் எத்தனை அங்குலம் வந்ததோ அதை அளந்து கூலி. இன்னார் ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார் என்பது ஒரு செய்தி! நகரத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பது ஊருக்குத் தெரியுமே, அதனால் அது செய்திதான்.

மரணச் செய்திக்கு ஒரு வாய்பாடு உண்டு. எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எந்தச் சர்ச், எந்தப் போருக்குப் போனார். அப்புறம் இருக்கிற உறவுகள், முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். இலங்கை வானொலியில் 'அன்னார், காலஞ்சென்ற...' என்று மரண அறிவித்தல் வாசிக்கக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை.

சரி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். கான்சாஸில் எம்போரியா என்று ஓர் ஊர். 1895-இல் வில்லியம் ஆலன் வைட் என்ற இளைஞர் 3,000 டாலர் கடன் வாங்கி அங்கே 'எம்போரியா கெஜட்' பத்திரிகையை வாங்கினார். பிற்பாடு நாடறிந்த ஆசிரியரானார். 1921 மே மாதம் அவருடைய மகள் மேரி, 16 வயது, குதிரையில் போகும்போது தெரிந்த பையனைப் பார்த்துக் கையசைத்தாள். தாழ்ந்திருந்த மரக்கிளை தலையில் மோதிவிட்டது. சில நாளில் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்ததும் அப்பா அவளுடைய மரணச் செய்தியை எழுத உட்கார்ந்தார். எதில் ஆரம்பித்தார் தெரியுமா? ஒரு திருத்தத்தில். குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று செய்தி நிறுவனம் அனுப்பியிருந்தது. இதைக் கேட்டால் மேரி கேலி செய்திருப்பாள், அவள் எந்தக் குதிரையிலிருந்தும் விழுந்ததே இல்லை என்கிறார். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் முதலில் தகவல் பிழையைத் திருத்துகிறார்!

அவள் வளர்ந்து பெரியவளாக மாட்டேன் என்று அடம்பிடித்தது, கண்ணில் பட்ட பிள்ளைகளையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றியது எல்லாம் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு கறுப்பினப் பெண், உட்கார வேறு இடமில்லாமல், கழிப்பறையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த மேரி, கறுப்பினப் பெண்களுக்கு ஓர் ஓய்வறை வேண்டும் என்று பெரியவர்களை விடாமல் நச்சரித்திருக்கிறாள். 1921-இல்! மகளைப் புகழ்ந்து பெரிய வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை அவருக்கு.

இப்படி எழுத, செத்தவரைத் தெரிந்த ஆள் பத்திரிகையில் இருக்க வேண்டும். இப்போது பல பத்திரிகைகளில் வரிக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று காசு. காசு குறைந்தால் வாழ்க்கையும் நாலு வரிதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், ஓடிவிடுகிறேன். 2005-க்குப் பிறகு அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பத்திரிகைகள் மறைந்துவிட்டன. பெரும்பாலும் வார இதழ்கள். மரணச் செய்தி இறுதிச்சடங்கு நடத்துகிறவர்களின் இணையதளத்தில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் தேடுகிறவருக்குத்தான் கிடைக்கும். மாட்டு விலை பார்க்கப் பேப்பரைப் புரட்டியவர், அட, இவர் போய்விட்டாரா என்று திடுக்கிடுவாரே, அது போயிற்று.

சில சின்ன ஊர்களில் இன்னும் வானொலியில் இறுதிச்சடங்கு அறிவிப்பு வாசிக்கிறார்கள். அது முடிந்ததும், பழைய டிராக்டர் விற்பனைக்கு என்று நேயர்கள் போன் செய்வார்கள். உண்மையில் அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். மேரி நேரத்தை எடுத்துக்கொண்டாள். வணக்கம்.