பேப்பரில் மூன்று கயல்விழிகள்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேருவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பதிவுத்துறையில் முப்பது வருடம் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் போனது. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காபி போட்டே என் மனைவிக்குச் சலித்துப்போய்விட்டது.

பதிவு, அப்புறம் விசா, கடைசியில் வெளிநாட்டிலேயே கல்யாணம் செய்துகொள்பவர்களின் விஷயம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் பெயரில் தொடங்குகிறேன். என்னைத் தெரிந்தவர்கள், "இவர் பெயரில்தான் தொடங்குவார், பெயரில்தான் முடிப்பார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை பெயர்ச் சிக்கல்கள்தான். பணமும் படிப்பும் இருக்கிறவர்களே ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து நமக்கு இனிஷியல். நம் ஊருக்குள் இதில் ஒரு குழப்பமும் இல்லை. வெளிநாட்டு விண்ணப்பத்திலோ இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் கொடுத்த பெயர், அதாவது நமக்கு வைத்த பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர். இனிஷியலுக்குக் கட்டமே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போதும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விடுவார். இரண்டாவது ஆள் அமெரிக்க விசா எடுத்தால், அவருடைய பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிடும். கொடுத்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், என், யூ என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் தங்கையின் மருமகளுக்கு அப்படித்தான் ஆனது. அங்கே போன புதிதில் ஒரு மருத்துவமனையில் காத்திருந்திருக்கிறாள். நர்ஸ் வெளியே வந்து "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிட்டிருக்கிறார். யாரோ பாவம், கூப்பிட்டும் வரவில்லையே என்று இவளும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்றது. பிறகு, அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் சரி என்று கொஞ்சம் இறங்கி வந்தது. சிங்கப்பூரில் நம்மவர்கள் பெயருக்கு நடுவில் டி-ஓ, எஸ்-ஓ என்று மகள், மகன் உறவைப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். மலேசியாவில் ஏ-பி, ஏ-எல். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் கெட்டிக்கார ஏற்பாடு அது. அப்பா பெயர் எது, நம் பெயர் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, கயல்விழி கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். பெருமாள் என்று வைத்துக்கொள்வோம். பையிலிருந்து பத்திரிகை, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்து டீப்பாயில் பரப்பினார். "சார், எனக்கு ஒரே பொண்ணு. பேப்பர்ல மூணு பேர் இருக்காங்க" என்றார்.

முதல் கயல்விழி பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருந்தாள். பி. கயல்விழி. அந்த 'ழி'யை ஆங்கிலத்தில் எல், ஐ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கயல்விழி பாஸ்போர்ட்டில். அங்கே இசட், ஹெச், ஐ. இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் பெருமாள். இதுவரை பெரிய ஆபத்து இல்லை. மூன்றாவது கயல்விழி திருமணச் சான்றிதழில். மாப்பிள்ளை பெயர் சுந்தர். ப்ரௌசிங் சென்டரில் பதிவு விண்ணப்பத்தை டைப் செய்தபோது கூட இருந்த யாரோ, "இனிமே அவ நம்ம வீட்டுப் பொண்ணுதானே, எஸ்ஸுன்னே போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பாசத்தில் சொன்னதுதான். மணமகள் பெயர் எஸ். கயல்விழி என்று ஏறிவிட்டது. பதிவு செய்தவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

மாப்பிள்ளை இருக்கும் நாட்டிலிருந்து கேள்வி வந்தது. திருமணச் சான்றிதழில் மணமகள் பெயர் என்பது கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயர். அந்தப் பெயரிலேயே கணவர் பெயரின் எழுத்து எப்படி வந்தது? இவர்களுக்கு முன்பே ஒரு தடவை கல்யாணம் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் அந்தச் சான்றிதழ் எங்கே? கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் படிக்க முடியும்.

இதைவிட வேதனை, அந்தச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வேறு வாங்கி வைத்திருந்தார் பெரியவர். அப்போஸ்டில் என்பது நம் சான்றிதழை வெளிநாட்டில் காட்டுவதற்காக அதில் ஒட்டும் ஒரு சிறிய சதுரச் சீட்டு. 1961-ல் ஹேக் நகரத்தில் போட்ட ஒப்பந்தத்தால் வந்தது அது. சீட்டின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மேலே பிரெஞ்சு மொழியில் தலைப்பு, கீழே எண் போட்ட பத்து வரிகள். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில அளவில் சரிபார்த்த பிறகு வெளியுறவு அமைச்சகம் அதை ஒட்டித் தரும். அப்போஸ்டில் ஒட்டியிருந்தால் உள்ளே எழுதியிருப்பது எல்லாம் சரி என்று ஆகிவிடும் என எல்லோரும் நினைக்கிறார்கள். கிடையாது. கையெழுத்து போட்டவர் அந்தப் பதவியில் இருப்பவர்தான், முத்திரை உண்மையானதுதான், அவ்வளவைத்தான் அது சொல்கிறது. கயல்விழிக்கு எஸ்ஸா பியா என்று அது பார்ப்பதில்லை. நம் பெரியவர் காசு கொடுத்துத் தப்புக்கும் சேர்த்து முத்திரை வாங்கியிருந்தார்.

அப்புறம் என்ன, முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதிவு செய்த அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி மனு கொடுத்து, பெயரைத் திருத்தி, புதுச் சான்று நகல் வாங்கினார். மறுபடியும் மாநிலச் சரிபார்ப்பு, மறுபடியும் அப்போஸ்டில். மதிப்பெண் பட்டியலில் இருந்த எல்லுக்கு, இருவரும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழிப் பத்திரம். ஐந்து மாதம் ஓடிவிட்டது. அந்த ஐந்து மாதமும் பெண் அப்பா வீட்டில், மாப்பிள்ளை அங்கே. "தலை தீபாவளியை வீடியோ காலில் கொண்டாடினோம் சார்" என்றார் பெரியவர்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெளிநாடு போகிற யோசனை இருந்தால், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் மேஜையில் விரித்து வையுங்கள். பத்திரிகையில் செல்லப் பெயர் வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பதிவு விண்ணப்பத்தில் வரட்டும். டைப் செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்.

கல்யாணம் ஆனதும் பெண் பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. மாற்றுவதானால் பாஸ்போர்ட், ஆதார், வங்கி என்று எல்லாவற்றிலும் முறைப்படி மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதை மறந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், விசா கைக்கு வந்து, அங்கே போய், ஒரு குளிர்காலத்தையும் பார்த்த பிறகு நிதானமாக யோசித்தால் போதும். இதைச் சொல்லி இரண்டு மாமியார்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இனி பதிவு. கோயிலில் கொடுக்கும் ரசீது பதிவுச் சான்றிதழ் ஆகாது. மண்டப ரசீதும் ஆகாது. 2006-ல் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. தீர்ப்பு வந்த தேதி பிப்ரவரி 14. நீதிபதிகள் யோசித்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அதன் பிறகு 2009-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. எந்த மதமானாலும் கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். இங்கே ஒரு வார்த்தை. ஐயர், மந்திரம் எதுவும் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள், வெளிநாட்டுத் தூதரகத்தில் "யார் நடத்தி வைத்தார்கள்?" என்று கேட்டால் தடுமாற வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ செல்லும். புரோகிதர் தேவையில்லை. அதைத் தைரியமாகச் சொல்லலாம்.

விசாவுக்கு வருவோம். அப்போஸ்டில் எல்லா ஊருக்கும் செல்லாது. எமிரேட்ஸ், கத்தார், குவைத் போன்ற நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அவர்களுடைய தூதரக முத்திரை தனியாக வேண்டும். சவுதி 2022-ல் சேர்ந்தது. கனடா 2024 ஜனவரியில்தான் வந்தது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்த நாடு. அங்கே போகிறவர்கள் அப்போஸ்டிலுக்குச் செலவு செய்வதற்கு முன் தூதரகம் என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்குப் பொதுவாக ஏ-1 என்ற தொடக்க அளவு ஜெர்மன் மொழித் தேர்வும் உண்டு. பிரிட்டனில் அழைக்கிறவரின் ஆண்டு வருமான வரம்பை 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்து இரண்டு வருடம் ஆவதற்குள் அங்கே குடியேறினால் கிடைப்பது இரண்டு வருடத்துக்கு மட்டும் செல்லும் நிபந்தனை கிரீன் கார்டு. அந்த அட்டையின் காலம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

போட்டோ பற்றி ஒன்று. கல்யாண ஆல்பத்தில் இருப்பது ஒரே நாள், ஒரே மேடை, ஆயிரம் படம். விசா அதிகாரிகள் பார்க்க விரும்புவது வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில், சாதாரண உடையில் இருவரும் இருப்பதை. நிச்சயதார்த்தம் முடிந்து ஓட்டலில் சாப்பிட்ட மங்கலான படம் ஒன்று இருந்தால், ட்ரோன் வைத்து எடுத்த வீடியோவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். வெளிநாட்டிலேயே கல்யாணம் என்பதற்கு அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், பெயர் அதைத் தின்றுவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969-ல் வந்தது. இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் உள்ள திருமண அதிகாரியிடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்கு முன் 30 நாள் இருவரில் ஒருவராவது அந்தப் பகுதியில் தங்கியிருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல இன்னொரு 30 நாள். ஆக, ஒரு மாத லீவில் போய் முடித்துவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அந்த நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால், 17-வது பிரிவின் கீழ் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. தூதரகத்தில் கல்யாணம் நடக்கும்போது மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சிகளின் பெயரையும்... தம்பி கையை ஆட்டிவிட்டார். வணக்கம்.